வெம்மை தணிக்கும் நிரலும் நன்னூல் காட்டும் நெறியும்

முன்னுரை

தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவன் கணிப்பொறியின் உட்கூறு பற்றி எழுதப் புகுவது, தன் வயலை விட்டுப் பிறர் வயலில் ஏர் பூட்டுவதற்கு ஒப்பாகும். அத்துறை வல்லார் இக்கட்டுரையில் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆயினும் இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவரின் வினா. அவ்வினாவிற்கு விடை தேடியபோது, நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தும் நன்னூல் பாயிரம் எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது.

சென்ற கோடையில், அக்கினி நட்சத்திர நாள்களில் ஒரு நண்பகல். கணிப்பொறி அறிவியல் மூன்றாமாண்டு பயிலும் மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அவரும் எங்கள் சேதராப்பட்டைச் சேர்ந்தவரே. தந்தையார் தொழிற்பேட்டையில் ஓர் ஆலைத் தொழிலாளி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த சிறு வீடு.

"ஐயா, காலையில் நன்றாக ஓடும் என் கைப்பேசி, பகல் ஒரு மணி ஆனால் ஆமையாகிவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். பழுது ஒன்றுமில்லை என்கிறார். இதற்குக் காரணமான நிரலைப் பற்றித்தான் கருத்தரங்கில் பேசப் போகிறேன். ஆங்கிலத்தில் படித்தால் புரிந்தது போல் இருக்கிறது. தமிழில் சொல்ல முயன்றால் வாய் வரவில்லை. அப்படியானால் எனக்குப் புரியவில்லை என்றுதானே பொருள்?" என்றார்.

அவர் கையில் லினக்ஸ் இயக்க முறைமையின் நிரல் ஏடு ஒன்றின் அச்சுப்படி இருந்தது. அவ்வேட்டில் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்ட திருத்தங்களின் குறிப்புகளும் உடன் இருந்தன. நிரல் வரிகள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் திருத்தக் குறிப்புகளை மாணவர் பொருள் கூறக் கேட்டபோது, நூலுக்கு ஆகாதவை எனப் பவணந்தியார் விலக்கிய குற்றங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்நிரல் எவ்வாறு எளிமையாக்கப்பட்டது என்பதையும், எளிமை என்பதன் இலக்கணம் யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெம்மை பிறக்கும் வகை

கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் உயிர்நிலை நுண்செயலி. அதனுள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை மிக நுண்ணிய மின்பொத்தான்கள் எனலாம். ஒவ்வொரு முறை அவை திறந்து மூடும்போதும் சிறிதளவு மின்னாற்றல் செலவாகி வெப்பமாக மாறுகிறது. நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதே நுண்செயலியின் வேகம். ஒரு கிகா ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடித் துடிப்பு.

இவ்வாறு செலவாகும் மின்திறனைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கம், துடிப்பு வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே அம்மின்திறன். வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். அழுத்தம் இருமடியாகப் பெருக்கப்படுவதால், இரண்டையும் சேர்த்துக் குறைக்கும்போது பயன் மிகுதியாகிறது. எடுத்துக்காட்டாக, வேகத்தை 100இலிருந்து 70 ஆகவும், மின்னழுத்தத்தை 100இலிருந்து 80 ஆகவும் குறைப்போம். 0.7, 0.8, 0.8 இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 0.45 வரும். வேகத்தில் 30 விழுக்காடு இழந்தோம். வெப்பத்தில் 55 விழுக்காடு குறைந்தது.

இஃதன்றிக் கசிவு மின்திறன் என ஒன்றுண்டு. நுண்செயலி வேலை செய்யாதபோதும் சிறிது மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏறினால் இக்கசிவும் ஏறும். கசிவு ஏறினால் வெப்பம் மேலும் ஏறும். கடனுக்கு வட்டியும் வட்டிக்கு வட்டியும் போல இது வளரக்கூடியது.

மேசைக் கணிப்பொறியில் விசிறி சுழன்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. கைப்பேசியில் விசிறிக்கு இடமில்லை. ஆகவே சுற்றியுள்ள காற்றே அதற்குத் துணை. இங்குதான் ஊரின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. ஒரு கைப்பேசி 85 பாகை செல்சியசில் வேகத்தைக் குறைக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 20 பாகையில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் அதற்கு 65 பாகை இடைவெளி உண்டு. 40 பாகையைத் தொடும் சேதராப்பட்டு மே மாதத்தில் அவ்விடைவெளி 45 பாகையே. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அது மேலும் சுருங்கும். ஆதலின் குளிரூட்டும் நிரல் செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது குளிர்நாட்டாரைவிட நமக்கே மிகுதியும் உரிய கவலையாகும்.

குளிரூட்டும் முறை

இயக்க முறைமையின் நடுவில் இருந்து வன்பொருளை ஆளும் பகுதியைக் கெர்னல் என்பர், உட்கரு எனலாம். லினக்ஸ் உட்கருவை 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கினார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. உற்பத்தியாளர்கள் தத்தம் நிரல்களை அதனுடன் சேர்த்துக் கொள்வதுண்டு. எனினும் நெறி ஒன்றே.

அவ்வுட்கருவில் வெப்ப மேலாண்மை நான்கு உறுப்புகளால் நிகழ்கிறது. வெப்பத்தை அளக்கும் பகுதி முதலாவது. இத்தனை பாகைக்கு மேல் நடவடிக்கை வேண்டும் எனக் குறிக்கும் எல்லைப்புள்ளி இரண்டாவது. எவ்வளவு குளிரூட்ட வேண்டும் என முடிவு செய்யும் ஆளுநர் மூன்றாவது. அம்முடிவைச் செயற்படுத்தும் குளிரூட்டும் கருவி நான்காவது. விசிறியும் குளிரூட்டும் கருவியே. நுண்செயலியின் வேகத்தைக் குறைக்கும் நிரலும் குளிரூட்டும் கருவியே.

குளிரூட்டும் கருவிக்குப் படிநிலைகள் உண்டு. சுழியம் என்பது குளிரூட்டல் இல்லாத நிலை. நுண்செயலி முழு வேகத்தில் ஓடலாம். ஒன்று, இரண்டு என எண் ஏற ஏற வேக வரம்பு இறங்கும். நுண்செயலி 1800, 1500, 1200, 900 மெகா ஹெர்ட்ஸ் என நான்கு வேகங்களில் இயங்க வல்லதாயின், சுழியம் முதல் மூன்று வரை நான்கு படிநிலைகள் அமையும். இந்த எடுத்துக்காட்டைப் படிப்பவர் நினைவில் இருத்துக; பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வேலையைச் செய்யும் பொதுவான நிரலை 2012இல் எழுதியவர் நம் நாட்டவரான அமித் டேனியல் கச்சாப். ஆர்ம் வகை நுண்செயலிகளுக்கான மென்பொருளைப் பல நிறுவனங்கள் கூடி வளர்ப்பதற்கென 2010இல் லினாரோ என்னும் அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பின் வழியாகவும் சாம்சங் நிறுவனத்தின் பெயராலும் இந்நிரல் வந்தது. மேசைக் கணிப்பொறிகளுக்கு வேறு ஏற்பாடு முன்பே இருந்தது. அவ்வேற்பாடு இல்லாத கைப்பேசி முதலியவற்றுக்கெனப் பலரும் தனித்தனியே எழுதாமல், பொதுவில் ஒரு நிரல் இருக்கட்டும் என்பதே நோக்கம். தொடக்கமே நன்று. ஆயினும் பலர் கைபட்ட நூலில் இடைச்செருகல் சேர்வது போல, நாளடைவில் மிகைகளும் மயக்கங்களும் சேர்ந்தன. அவற்றைக் களைந்தவருள் முதன்மையானவர் விரேஷ் குமார். அவரும் லினாரோவைச் சேர்ந்த நம் நாட்டுப் பொறியாளரே. நிரல் ஏட்டின் தலைப்பில் இவ்விருவர் பெயரும் இன்றும் உள்ளன.

முறையின் வைப்பு

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். அழகுகளுள் ஒன்று முறையின் வைப்பு. கருத்துகளை அமைக்க வேண்டிய வரிசையில் அமைப்பது அது.

முதலில் எழுதப்பட்ட நிரலில் ஒரு சார்பு இருந்தது. அது மூன்று வேறு வேலைகளைச் செய்தது. வேகத்தைக் கொடுத்தால் படிநிலை சொல்லும். படிநிலையைக் கொடுத்தால் வேகம் சொல்லும். மொத்தப் படிநிலைகள் எத்தனை என்றும் சொல்லும். ஒவ்வொரு முறை வினவும்போதும் அது வேக அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து படித்தது. அட்டவணை ஏறுவரிசையில் உள்ளதா, இறங்குவரிசையில் உள்ளதா என ஆராய்ந்தது. பின் எண்ணி விடை கூறியது. மாணவர் பெயரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவேட்டை முதலிலிருந்து எண்ணும் ஆசிரியரை இங்கு நினைத்துக் கொள்ளலாம்.

இதில் காலக்கேடு மட்டுமன்றிப் பிழைக்கும் இடமிருந்தது. அட்டவணை ஏதேனும் ஒரு வரிசையில் இருக்கும் என்பது அந்நிரலின் எண்ணம். ஆனால் அட்டவணையைத் தரும் பகுதி அவ்வாறு உறுதி எதுவும் அளிக்கவில்லை. 1200, 1800, 900, 1500 எனக் கலைந்தும் வரலாம். பெரும்பாலான கருவிகளில் அது ஏறுவரிசையில் அமைந்ததால் குற்றம் வெளிப்படாமல் இருந்தது.

2014இன் இறுதியில் விரேஷ் குமார் இதனை மாற்றினார். நிரல் தொடங்கும்போதே வேகங்களை இறங்குவரிசையில் ஒருமுறை எழுதி வைத்துக் கொள்வது என்பது ஏற்பாடு. அவ்வளவில் எல்லாம் எளிதாயிற்று. சுழியத்தில் 1800, ஒன்றில் 1500 என நின்றுவிட்டதால், படிநிலை எண்ணே அட்டவணையின் வரிசை எண் ஆயிற்று. மூன்று வேலை செய்த அச்சார்புக்குத் தேவையே இல்லாது போயிற்று. எளிமை வெட்டுவதால் வரவில்லை. முறையாக அடுக்கியதால் வந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கூறியது கூறல்

2015இல் ஆர்ம் நிறுவனத்தாரின் உழைப்பால் மின்பங்கீட்டு ஆளுநர் என ஒன்று உட்கருவில் சேர்ந்தது. இருக்கும் மின்திறனை நுண்செயலி, வரைகலைச் செயலி முதலியவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் பணி. எந்த வேகத்திற்கு எவ்வளவு மின்திறன் என்பது அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே குளிரூட்டும் நிரலில் மற்றோர் அட்டவணை இடம்பெற்றது.

இப்போது ஒரே வீட்டில் இரண்டு கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் வேகங்கள் இறங்குவரிசையில். மற்றொன்றில் அதே வேகங்கள், அவற்றின் மின்திறனோடு, ஏறுவரிசையில். இரண்டும் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஒரே செய்தியை இருமுறை எழுதி வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று திருத்தப்படாமல் போகும் அச்சம் என்றும் உண்டு. கூறியது கூறலைக் குற்றம் என்றதன் உட்பொருள் இதுவே எனலாம்.

2017இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. ஒரே அட்டவணை, ஒவ்வொரு வரியிலும் வேகமும் அதற்குரிய மின்திறனும். 2019இல் மற்றொரு படி முன்னேறினர். உட்கருவின் வேறொரு பகுதியில் ஆற்றல் மாதிரி என்னும் பொது அமைப்பு இதற்குள் தோன்றிவிட்டது. எந்த வேலையை எந்த நுண்செயலியில் செய்தால் ஆற்றல் மிச்சமாகும் எனக் கணிக்க அது பயன்பட்டது. அங்கும் இதே மின்திறன் கணக்கு இருந்தது. எனவே குவென்டின் பெரே, குளிரூட்டும் நிரலின் சொந்த மின்திறன் கணக்கை அறவே நீக்கிப் பொதுக்கணக்கையே பார்க்குமாறு செய்தார். ஊரில் பொது நூலகம் வந்த பின், ஒவ்வொரு வீட்டிலும் அதே அகராதியை வாங்கி அடுக்க வேண்டியதில்லை அன்றோ!

நின்று பயனின்மை

மின்பங்கீட்டு ஆளுநரோடு 2015இல் வந்த மற்றொரு சேர்க்கை, கசிவு மின்திறனைக் கணக்கிடும் வசதி. கசிவு ஒவ்வொரு நுண்செயலிக்கும் வேறுபடும். ஆகவே உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தமக்குரிய கணக்கீட்டுச் சார்பை எழுதித் தர வேண்டும்; பொது நிரல் அதனை அழைத்துப் பயன்படுத்தும். ஏற்பாடு அறிவியலுக்கு ஒத்ததே. கசிவு உண்மையிலேயே உண்டு என முன்னர்க் கண்டோம்.

ஆனால் பொது உட்கருவில் அத்தகைய சார்பை எழுதிச் சேர்த்தார் ஒருவரும் இலர். யாரும் வந்து அமராத நாற்காலிக்காக வரிகள் பல நின்றன. நிரலைப் புதிதாகப் படிப்பவர் அவற்றையும் படித்துப் பொருள் தேட வேண்டியதாயிற்று. பிற திருத்தங்களைச் செய்வோர் அவற்றையும் உடன் காத்து வர வேண்டியதாயிற்று. 2017இன் இறுதியில், இரண்டரை ஆண்டுகளாகப் பயன்படுத்துவார் இல்லை என்னும் காரணம் காட்டி அவற்றை நீக்கும் திருத்தத்தை விரேஷ் குமார் முன்வைத்தார், அது ஏற்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீக்கப்பட்டது பொய்யன்று, பயனின்றி நின்றது. நின்று பயனின்மை என்னும் குற்றத்திற்கு இதனினும் பொருத்தமான சான்று காட்டல் அரிது. கட்டுரையில் தாம் அரிதின் தேடிய செய்தியை, அது கட்டுரைக்கு வேண்டாதது என அறிந்தும் விட மனமின்றிச் சேர்க்கும் நம் மாணவர்களும், ஏன், ஆசிரியர்களாகிய நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மயங்க வைத்தல்

ஒரே பொருளைப் பல பெயரால் சுட்டினால் படிப்பவர் மயங்குவர். குளிரூட்டும் கருவியைக் குறிக்கும் மாறிகள் இந்நிரலில் இடத்திற்கு இடம் வெவ்வேறு பெயரில் இருந்தன. 2017ஆம் ஆண்டுத் திருத்த வரிசையில் அவையனைத்தும் ஒரே பெயருக்கு மாற்றப்பட்டன. நிரலின் செயல் இதனால் சிறிதும் மாறவில்லை. கணிப்பொறிக்குப் பெயர் எதுவாயினும் ஒன்றே. மாறியது படிக்கும் மனிதருக்கு மட்டும். நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளை மட்டுமன்று, பின்வரும் மனிதர் படிக்க வேண்டிய உரைநடையும் ஆகும் என்பதை இச்சிறு திருத்தம் உணர்த்துகிறது.

மற்றொன்று விரித்தல்

எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக் கூறுதல் மற்றொரு குற்றம். குளிரூட்டும் நிரலின் பணி, வேகத்திற்கு ஓர் உச்சவரம்பு சொல்வது. அவ்வளவே. ஆனால் நுண்செயலியின் வேக வரம்பை மாற்ற விரும்புவோர் பலர். வெப்பம் ஒரு காரணம். மின்கலச் சேமிப்பு மற்றொன்று. பயனாளர் தாமே விதிக்கும் வரம்பு பிறிதொன்று.

பழைய முறையில், வேக வரம்பு மறுஆய்வு செய்யப்படும் ஒவ்வொரு முறையும் உட்கரு அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பும். குளிரூட்டும் நிரலும் எழுந்து வரும். தன் பட்டியலைப் புரட்டி, இக்கூட்டம் எந்த நுண்செயலியைப் பற்றியது எனத் தேடும். தன் வரம்பை விட உயர்ந்திருந்தால் பிடித்து இறக்கும். இதற்கெனப் பட்டியலும் பூட்டும் தேடலும் எல்லாம் அதனிடம் இருந்தன.

2019இல் இம்முறை கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொருவரும் தத்தம் வரம்பைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லலாம். அவற்றுள் மிகக் குறைந்ததை உட்கருவே தேர்ந்து கொள்ளும். ஊராட்சிக் கூட்டம் தோறும் எழுந்து நின்று ஒரே கோரிக்கையை வற்புறுத்தியவர், அதனை மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றது போன்றது இது. விரேஷ் குமார் செய்த இம்மாற்றத்தால் குளிரூட்டும் நிரல் பிறர் வேலையை விட்டுத் தன் வேலைக்குத் திரும்பியது.

குன்றக்கூறல்

இதுவரை கண்டவை மிகையின் குற்றங்கள். நன்னூலார் குற்றங்களைத் தொகுக்கையில் குன்றக்கூறலையும் ஒன்றாக வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. சுருங்கச் சொல்லல் அழகு, குன்றக்கூறல் குற்றம். இரண்டிற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. இந்நிரலின் வரலாற்றிலேயே அதற்கும் சான்று உண்டு.

பொதுப் பதிவேட்டில் வரம்பை எழுதும் சார்பு மூவகை விடை தரும். எழுதியதால் நடைமுறை வரம்பு மாறினால் ஒன்று என்னும் விடை. எழுதப்பட்டது, ஆனால் வேறொருவர் அதனினும் குறைந்த வரம்பை முன்பே எழுதியிருப்பதால் நடைமுறையில் மாற்றமில்லை எனின் சுழியம். எழுதவே இயலாது பிழை நேர்ந்தால் எதிர்ம எண்.

குளிரூட்டும் நிரலோ, விடை சுழியத்தை விடப் பெரிதாயின் மட்டுமே புதிய படிநிலையைத் தன் குறிப்பில் பதிந்தது. இதனால் நேர்ந்தது என்ன? முன்பு நினைவில் இருத்தச் சொன்ன எடுத்துக்காட்டைக் காண்போம். வேகங்கள் 1800, 1500, 1200, 900. வேறொரு பகுதி முன்பே 1200 என வரம்பு விதித்துள்ளது. வெப்பம் ஏறுகிறது. படிப்படியாக ஏற்றும் ஆளுநர், ஒன்றாம் படிநிலைக்குச் செல் என்கிறது. ஒன்றாம் படிநிலையின் வரம்பு 1500. நடப்பில் உள்ளதோ 1200. ஆகவே மாற்றமில்லை, விடை சுழியம். படிநிலை பதியப்படவில்லை. அடுத்த முறை ஆளுநர் வந்து இப்போது எப்படிநிலை எனக் கேட்கிறது. சுழியம் என விடை கிடைக்கிறது. ஆகவே மீண்டும் ஒன்றாம் படிநிலைக்குச் செல் என்கிறது. இவ்வாறு முதற்படியிலேயே கால் வழுக்கிக்கொண்டே இருக்கும். 900 என்னும் மூன்றாம் படிக்கு என்றும் போய்ச் சேராது. வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும்.

2021இல் இது திருத்தப்பட்டது. விடை சுழியத்தை விடப் பெரிதாயின் என்றிருந்த நிபந்தனை, சுழியமாகவோ அதனினும் பெரிதாகவோ இருப்பின் என்றாயிற்று. சேர்ந்தது ஒரே ஒரு சமக்குறி. ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் பொருளே திரியும் என வகுப்பில் நாம் வற்புறுத்தும்போது நகைக்கும் மாணவர் இதனை நினைவில் கொள்வாராக.

ஆகவே, எளிமை என்பதற்கு வரிகளைக் குறைத்தல் என்று மட்டும் பொருள் கொண்டால் தவறிவிடுவோம். வேண்டாததை நீக்குதலும் வேண்டியதை விடாமையும் ஒருங்கே அமைவதுதான் எளிமை.

பாயிரமும் அரங்கேற்றமும்

இத்திருத்தங்கள் எவ்வாறு ஏற்கப்படுகின்றன என்பதும் அறியத்தக்கது. லினக்ஸ் உட்கருவின் மூல நிரல் எவரும் படிக்கத் திறந்தே உள்ளது. திருத்தம் அனுப்ப விரும்புவோர் நிரல் மாற்றத்தை மட்டும் அனுப்பினால் போதாது. இப்போது உள்ள நிலை யாது, அதில் குறை என்ன, இம்மாற்றம் அதனை எவ்வாறு தீர்க்கிறது என்பதை உரைநடையில் எழுத வேண்டும். பெரிய மாற்றமாயின் ஒரே மூட்டையாகக் கட்டாமல், ஒவ்வொன்றும் தனித்து நின்று பொருள் தரும் சிறு சிறு திருத்தங்களாகப் பிரித்து வரிசைப்படுத்த வேண்டும். முந்தைய திருத்தம் ஒன்றின் பிழையை நீக்குவதாயின், அது எத்திருத்தம் எனச் சுட்ட வேண்டும். எழுதியவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

பின்னர் அப்பகுதியைப் பேணுவோரும் பிறரும் அதனைப் பொதுவில் ஆராய்வர். ஐயம் எழுப்புவர், திருப்பி அனுப்புவர். இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என வந்த பின்னரே பல திருத்தங்கள் ஏற்கப்படுகின்றன. நூல் முகப்பில் ஆக்கியோன் பெயரும் நுதலிய பொருளும் பயனும் கூறும் பாயிரமும், அவையோர் வினாக்களுக்கு விடை கூறி நூலை நிலைநாட்டும் அரங்கேற்றமும் நம் மரபில் ஏன் இருந்தன என்பது இதனைக் கண்டபோது எனக்குப் புதிதாக விளங்கியது. காரணம் எழுதி வைத்ததனால்தான், நிரல் வரி ஒன்றும் அறியாத ஒரு தமிழாசிரியனும் பல ஆண்டு வரலாற்றைப் படித்தறிய முடிந்தது.

முடிவுரை

மாணவரின் முதல் வினாவிற்கு வருவோம். கைப்பேசி பழுதாகவில்லை, தன்னைக் காத்துக் கொள்ளவே மெதுவாகிறது. அதன் நிரல் செம்மையாக இருந்தால் வேண்டிய அளவே மெதுவாகும். வேண்டாதபோது மீண்டும் விரையும். தடித்த உறையைக் கழற்றுவதும், மின்னேற்றம் செய்துகொண்டே பயன்படுத்தாமல் இருப்பதும், வெயில் படாத இடத்தில் வைப்பதும் நம்மால் இயன்ற துணைகள்.

இரண்டாம் வினா இன்னும் ஆழமானது. தாய்மொழியில் சொல்ல வராதது புரியாததுதானா? முழுதும் அவ்வாறு கூற இயலாது. சொற்கள் இல்லாக் குறையும் உண்டு. ஆனால் சொற்களைத் தேடிச் சொல்ல முயலும்போதுதான் எவ்விடம் புரியவில்லை என்பது தெரிகிறது. குன்றக்கூறல் பகுதியில் கண்ட பிழையை மாணவர் எனக்கு மூன்று முறை தமிழில் விளக்கினார். முதல் இருமுறை எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாம் முறை படிக்கட்டு உவமையை அவராகவே கண்டுபிடித்தார். அதன் பின் இருவருக்கும் ஐயமில்லை.

கருத்தரங்கில் அவர் தமிழில் பேசினார். அவையில் இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "தம்பி, இவ்வளவு படித்தாயே, உன் கைப்பேசி இப்போது விரைவாக ஓடுகிறதா?" என வினவினார். "இல்லை ஐயா. ஆனால் இனி அதன்மீது கோபம் வராது. திருத்த வேண்டியது இன்னும் இருந்தால் எங்கே எழுதி அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும்" என்றார் மாணவர்.

தமிழ்த்துறையில் பயில்வோர் தம் கல்வி இக்காலத்திற்கு உதவாது எனச் சோர்வடைவதைக் காண்கிறேன். தெளிவாக எழுதுவதும், மிகையும் குறையும் அறிந்து திருத்துவதும் எக்காலத்தும் தேவைப்படும் தொழில்கள். நன்னூல் பாயிரத்தைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்யாமல், தாம் எழுதும் ஒவ்வொரு பக்கத்தின்மீதும் வைத்துப் பார்ப்பாராக. கணிப்பொறித் துறை மாணவரும் தம் நிரலை எழுதி முடித்தவுடன், இதனை நாளை மற்றொருவர் படிப்பார் என எண்ணி ஒருமுறை அவ்வாறே செய்வாராக. இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் நாள்கள் நம் கல்லூரியில் பெருகுதல் வேண்டும்.